கடைமடைக்கும் வரவேண்டும் தடுப்பூசி

வாய்க்காலின் தலைப்பிலுள்ள வயல்கள் நிறைந்த பின்னரே கடைமடைக்கு நீர் வந்து சேரும் என்பதை உழவர் எவரும் அறிவர். தலைமடைக்காரர் தம் மடையை அடைக்க மறந்தால், கடைமடைக்காரர் வானத்தை நோக்கி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அதன் பொருட்டே எம் முன்னோர் வட்டைக்கு ஒரு விதானையை நியமித்து, இன்னார்க்கு இன்ன நேரம் என நீர்ப் பங்கீட்டுக்கு முறை வகுத்தனர். நெல்லுக்குப் பாயும் நீருக்கே முறை வேண்டுமாயின், மனித உயிரைக் காக்கும் மருந்துக்கு முறை வேண்டாமா?

கொவிட் 19 என்னும் கொள்ளை நோயை உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30இல் சர்வதேச அவசர நிலையாக அறிவித்தது. 2023 மே 5இல் அவ்வவசர நிலை முடிந்ததென அறிவித்தது. இடைப்பட்ட காலத்தில் எமது சிறு தீவிலே 16,000க்கும் மேற்பட்டோர் இந்நோயால் மாண்டதாக அரசாங்கக் கணக்கே கூறுகின்றது. இன்று முகக்கவசத்தையும் மறந்தோம். பயணத் தடையையும் மறந்தோம். எல்லோரும் மறந்துவிட்ட இவ்வேளையிலே இதனை நாம் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. குளக்கட்டின் உடைப்பை மாரி மழை கொட்டும்போது அடைக்க இயலாது. கோடையிலேதான் மண் சுமக்க வேண்டும். அடுத்த கொள்ளை நோய் எப்போது வரும் என்பதை எவரும் அறியார். வரும் என்பதை மட்டும் அறிந்தோர் யாவரும் கூறுகின்றனர். அது வரும்போது வாகரை போன்ற கடைமடை ஊர்களின் நிலை என்ன என்பதே எமது கேள்வி.

ஊசி வந்த வழி

நடந்ததை முதலில் நினைவுகூர்வோம். 2021 ஜனவரி 28ஆம் நாள் இந்தியா அன்பளிப்பாக அனுப்பிய 5 இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகள் கொழும்பை வந்தடைந்தன. மறுநாளே சுகாதார ஊழியருக்கும் படையினருக்கும் அவற்றை ஏற்றத் தொடங்கினர். முன்னணியில் நின்று உழைத்தோருக்கு முதலிடம் கொடுத்ததை எவரும் குறைகூறார். ஆனால், பெப்ரவரி நடுப்பகுதியிலே மேல் மாகாணத்தில் 30 வயதைக் கடந்தோருக்கெல்லாம் ஊசி ஏற்றத் தொடங்கியபோது, ஏனைய மாகாணங்களிலே 60ஐயும் 70ஐயும் கடந்தோர் காத்திருந்தனர். மேல் மாகாணத்திலே நோய் மிகுந்திருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், இந்நோய் முதியோரையே அதிகமாகக் கொல்லும் என்பது அப்போதே உலகம் அறிந்த செய்தி. முதியோருக்கு முதலில் ஊசி ஏற்றவேண்டும் என்று வைத்தியர் சங்கங்களே வற்புறுத்தின.

பின்னர் இந்தியாவிலே நோய் பேரலையாக எழுந்தது. அங்கிருந்து வரவேண்டிய ஊசிகள் நின்றன. முதல் ஊசியைப் பெற்ற ஏறக்குறைய 6 இலட்சம் பேர் இரண்டாவது ஊசி எப்போது வருமென ஏங்கி நின்றனர். ஜூலை இறுதியில் ஜப்பான் அனுப்பிய ஊசிகள் வந்த பின்னரே அவர்களின் ஏக்கம் தணிந்தது. இதற்கிடையிலே சீனாவின் சினோபாம் ஊசியை மே 7ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொள்ள, அது நாட்டின் பெரும் பகுதிக்குரிய ஊசியாயிற்று. மட்டக்களப்பு மாவட்டத்தின் பொதுமக்களுக்கு அது ஜூன் மாதத்திலேதான் எட்டியது. ஆகஸ்ட் இறுதியில் நாளொன்றுக்கு 200க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். மாண்டோருள் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் ஊசி பெறாதவர்கள். தாமதத்தின் விலை உயிர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

உலக அரங்கிலும் இதுவே நடந்தது. செல்வ நாடுகள் தம் மக்கட்தொகைக்கு வேண்டியதிலும் பன்மடங்கு ஊசிகளை முன்கூட்டியே வாங்கிக் குவித்தன. ஆபிரிக்காவின் வறிய நாடுகள் வெறுங்கையுடன் நின்றன. உலகத்தின் கடைமடை ஆபிரிக்கா என்றால், இலங்கையின் கடைமடைகளுள் ஒன்று வாகரை.

வாகரையின் கணக்கு

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கு எல்லையிலே, நகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோ மீற்றர் தொலைவிலே, கடலுக்கும் காட்டுக்கும் இடையிற் கிடக்கின்றது கோறளைப்பற்று வடக்கு என்னும் வாகரைப் பிரதேசம். மாங்கேணி, காயாங்கேணி, பனிச்சங்கேணி, பால்சேனை, கதிரவெளி முதலான ஊர்கள் திருமலை வீதியை அண்டியவை. கட்டுமுறிவு போன்ற ஊர்களோ காட்டின் ஓரத்திலே, யானைகளின் நடுவிலே உள்ளவை. மாரியிலே மானாவாரி வேளாண்மை. மற்றைக் காலத்திலே சேனைப் பயிர், களப்பு மீன், நண்டு, இறால், கூலி வேலை. அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் குடும்பங்களே பெரும்பாலானவை.

இத்தகைய ஊரிலே ஊசி என்பது இலவசம் என்று அரசாங்கம் கூறினாலும் அதற்கு ஒரு விலை உண்டு. ஊசி ஏற்றும் இடத்துக்குச் சென்று வரிசையில் நின்று திரும்ப ஒரு நாட்கூலி போகும். ஊசியின் பின் காய்ச்சலும் உடம்புளைவும் கண்டால் மறுநாட் கூலியும் போகும். வலை வீசாத வீட்டில் அன்று உலை கொதிக்காது. கணவனை இழந்து பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் தாய்மார் நிறைந்த பகுதி இது. அந்தத் தாய் காய்ச்சலிற் படுத்தால் அடுப்பு மூட்டுவோர் யார்? இக்கணக்கைக் கொழும்பிலிருந்து திட்டம் வகுப்போர் போட்டுப் பார்த்ததுண்டோ?

அந்நாட்களிலே மக்கள் கேட்ட கேள்விகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சலரோகமுள்ள தாயாருக்கு ஏற்றலாமா? பிள்ளைக்குப் பாலூட்டும் பெண் ஏற்றலாமா? புதிதாக மணம் முடித்த மகளுக்கு இதனாற் பிள்ளைப்பேறு தடைப்படுமோ? மத்திய கிழக்குக்குப் போகவேண்டிய மகளுக்கு எந்த ஊசியை அந்நாடு ஏற்கும்? இவை மூடர்களின் கேள்விகளா? பொறுப்புள்ள எந்தப் பெற்றோரும் கேட்கும் கேள்விகள். இவற்றோடு நம்பிக்கைகளும் கலந்திருந்தன. பாடசாலை திறக்கும், சந்தை கூடும், மீனுக்கு விலை கிடைக்கும், கோவிற் சடங்குகள் முன்போல நடைபெறும் என்ற ஆசையோடு எத்தனையோ பேர் வரிசையில் நின்றனர். கேள்விக்கு மறுமொழி கிடைத்த இடத்தில் ஆசை வென்றது; கிடைக்காத இடத்தில் வதந்தி வென்றது.

அறியாமையா, அவநம்பிக்கையா?

ஊசிக்குப் பின்னின்ற கிராமத்தவரைப் பார்த்து "அறியாமை" என்று முத்திரை குத்துவது நகரத்தாருக்கு எளிது. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. அம்மைப்பால் குத்தும் முறை 1802ஆம் ஆண்டிலேயே இத்தீவுக்கு வந்துவிட்டது. 1886இல் அது சட்டமாயிற்று. மட்டக்களப்புத் தமிழகத்தில் வைகாசி தோறும் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடி, வேப்பிலை கட்டி, அம்மை நோயிலிருந்து காக்குமாறு வேண்டிய மக்களேதான் பிள்ளைகளின் கையிலே அம்மைப்பாலும் குத்தினார்கள். குளிர்த்தியும் ஊசியும் அவர்களுக்கு ஒன்றையொன்று பகைக்கவில்லை. 1980இல் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டபோது, அவ்வெற்றியில் அவர்களுக்கும் பங்கிருந்தது.

இன்னொரு சான்றும் உண்டு. போர் கொழுந்துவிட்டெரிந்த காலத்திலே, 1995 முதல், பிள்ளைகளுக்குப் போலியோச் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் இரு தரப்பாரும் துப்பாக்கிகளை ஓயவைக்க இணங்கினர். யுனிசெவ் போன்ற நிறுவனங்கள் நடுநின்று அதற்கு வழிசெய்தன. குழந்தைகளைத் தோளிற் சுமந்து அந்த மருந்தைப் பெற்றுக்கொடுத்த தாய்மாரை மருந்துக்குப் பகைவர் என்று யார் கூறுவார்? இந்நாட்டில் 1993இன் பின் போலியோ நோயாளி ஒருவரும் காணப்படவில்லை. 2014இலே இலங்கை உள்ளிட்ட தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

அப்படியானால் 2021இலே தயக்கம் எங்கிருந்து வந்தது? மருந்தின்மீது வந்த ஐயத்தைவிட, அதை நீட்டிய கையின்மீது வந்த ஐயமே பெரிது என்பது எமது துணிபு. ஆட்சியாளர் நடந்துகொண்ட விதத்தைச் சற்று நோக்குவோம்.

2020 டிசம்பரில் கேகாலை மாவட்டத்தில் ஒருவர் காய்ச்சிய பாணி கொரோனாவைத் தீர்க்கும் என்ற கதை எழுந்தபோது, நாட்டின் சுகாதார அமைச்சரே அதைப் பகிரங்கமாக அருந்திக் காட்டினார். அடுத்த மாதமே அவரைத் தொற்று பற்றியது. விஞ்ஞானத்தைக் காக்கவேண்டியவர் பாணியைத் தூக்கிப் பிடித்துவிட்டு, மறுமாதம் ஊசியை நம்புங்கள் என்றால் மக்கள் எதை நம்புவர்?

இறந்தோரைப் புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், எல்லோரையும் எரித்தே தீரவேண்டுமென்று அரசாங்கம் பிடிவாதம் பிடித்தது. பிறந்து 20 நாளே ஆன பச்சிளங் குழந்தையும் அத்தீயிற் போயிற்று. முஸ்லிம் மக்களின் கண்ணீருக்கும் உலகின் கண்டனத்துக்கும் பின்னர், 2021 பெப்ரவரியிலேதான் அக்கட்டளை மாற்றப்பட்டது. மார்ச் 5ஆம் நாள் வாகரைக்குத் தெற்கே ஓட்டமாவடிப் பிரதேசத்திலுள்ள மஜ்மா நகரிலே முதல் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. பின்னர் நாடெங்கிலுமிருந்து உடல்கள் அவ்விடத்துக்கே கொண்டுவரப்பட்டன. செய்தது தவறென 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. இறந்தபின் உடலுக்கு என்ன நேருமோ என்றஞ்சுபவர் நோயை மறைப்பாரா, வைத்தியசாலைக்கு வருவாரா? நோயை எதிர்க்கும் போரிலே மக்களைத் துணைவராக்க வேண்டியவர்கள் அவர்களை அஞ்சி ஒளிய வைத்தார்கள்.

இவற்றுக்கு மேலாக, கொவிட் தடுப்புச் செயலணிக்கு இராணுவத் தளபதியே தலைவராக்கப்பட்டார். கொழும்பிலுள்ளோருக்கு இது ஒழுங்கின் அடையாளமாகத் தோன்றியிருக்கலாம். வாகரையாருக்கு எப்படித் தோன்றும்? 2006 நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளிப் பாடசாலையிலே தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து பல உயிர்கள் பறிபோயின. 2007 ஜனவரியில் ஊரையே விட்டு நடந்து வெளியேறிய மக்கள் இவர்கள். அவர்களின் பெயர்களையும் விவரங்களையும் எழுதியெடுக்கும் வேலையிற் சீருடை கலந்தால் நெஞ்சம் துணுக்குறாதோ? வெள்ளை உடுப்பணிந்த குடும்பநல உத்தியோகத்தர் வாசலில் வந்து நின்றால் வராத அச்சம் அது.

அதே 2021 மே மாதத்திலேதான் இரசாயன உர இறக்குமதியை ஒரே கட்டளையால் நிறுத்தினர். உழவரைக் கேட்டார்களா? இல்லை. வயல் வெளிறிய பின், நவம்பரிலே கட்டளையை மீளப் பெற்றனர். ஒரே ஆண்டில் வயலுக்குத் தவறான மருந்தெழுதிய கை, உடலுக்குச் சரியான மருந்தை நீட்டுகிறது என்று உழவர் எப்படி உடனே நம்புவர்?

மருந்தின்மீது கோபம் வேண்டாம்

இவ்வளவும் கூறிய பின், எம் மக்களுக்கும் ஒன்று கூறக் கடமைப்பட்டுள்ளோம். அரசாங்கத்தின்மீது கொண்ட கோபத்தை மருந்தின்மீது காட்டுவது, விதானையோடு கோபித்துக்கொண்டு தன் வயலுக்கு வந்த நீரைத் தானே மறிப்பதற்கு ஒப்பாகும். ஊசி அரசாங்கத்தின் சொத்தன்று. உலகெங்கும் பல இனத்தவரான அறிஞர்கள் பல்லாண்டு உழைத்துக் கண்ட அறிவின் பயன் அது. ஊசி ஏற்றத் தொடங்கிய முதல் ஆண்டிலே மட்டும் அது உலகெங்கும் ஏறக்குறைய 1 கோடியே 44 இலட்சம் மரணங்களைத் தடுத்ததென ஆய்வாளர் கணித்துள்ளனர்.

அது குறையற்ற மருந்தென்று நாம் கூறவில்லை. கொவிட் ஊசி ஏற்றியவருக்கும் தொற்று வந்தது. ஆயினும் நோய் முற்றி உயிரைக் குடிக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. அஸ்ட்ராசெனிகா வகை ஊசியால் மிக அரிதாக இரத்தம் கட்டியாவதுண்டு. இலங்கையில் அவ்வாறு ஆறு பேருக்கு நேர்ந்ததென்றும் அவர்களுள் மூவர் இறந்தனர் என்றும் 2021 ஏப்ரிலில் பாராளுமன்றத்திலே கூறப்பட்டது. அதுவரை ஊசி பெற்றிருந்தோரோ 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். மூன்று உயிரும் விலைமதிப்பற்றவையே. ஆனால் ஊசியின்றி நோய்வாய்ப்பட்ட முதியோருள் எத்தனை பேர் மாண்டனர் என்பதையும் மறுதட்டில் வைத்து நிறுக்க வேண்டும். பிள்ளைப்பேறு தடைப்படும் என்ற வதந்திக்கோ ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. உண்மையை உள்ளபடி கூறினால் மக்கள் நிறுத்துப் பார்ப்பர்; மறைத்தால்தான் வதந்தி முளைக்கும்.

சில நோய்களைப் பொறுத்தவரை ஊசி என்பது ஊர்க்காவல் போன்றது. யானை வேலியிலே ஒருவர் தம் பங்கைத் திறந்து விட்டால் அந்த வழியாக வரும் யானை ஊர் முழுவதின் வேளாண்மையையும் மிதிக்கும். சின்னமுத்து அத்தகையது. நூற்றுக்கு 95 பேராவது ஊசி பெற்றிருந்தாலே அது ஊருக்குள் நுழையாது. 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்ததெனச் சான்று பெற்றும், 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. ஊசி பெறாதோரே அது நுழையும் வாயில். கால்வாய் நோய் வந்தால் பட்டி முழுவதும் அழியுமென அஞ்சி மாட்டுக்கு ஊசி ஏற்றும் உழவர், பெற்ற பிள்ளையின் அட்டையிலே எந்த ஊசி விடுபட்டுள்ளது என்பதை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாகாதா?

செய்ய வேண்டியவை

2025 மே 20ஆம் நாள் உலக சுகாதார மன்றம் கொள்ளை நோய் பற்றிய ஓர் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அடுத்த கொள்ளை நோயின்போது மருந்தும் ஊசியும் வறிய நாடுகளுக்கும் நீதியாகக் கிடைக்க வேண்டுமென்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நன்று. ஆனால் ஜெனீவாவிலிருந்து கொழும்புக்கு வரும் வாய்க்காலைப் பற்றியே உலகம் பேசுகின்றது. கொழும்பிலிருந்து கட்டுமுறிவுக்கு வரும் வாய்க்காலை வெட்டவேண்டியவர் யார்? அதை நாமே கேட்டுப் பெறவேண்டும்.

முதலாவதாக, எந்த நோய்க்கும் ஊசியேற்றும் வரிசை, வயதையும் நோயின் ஆபத்தையும் கொண்டு வகுக்கப்படவேண்டும், மாகாணத்தைக் கொண்டன்று. அந்த வரிசையை முன்கூட்டியே சட்டமாக்கிப் பகிரங்கப்படுத்த வேண்டும்.

இரண்டாவதாக, மக்களை ஊசியிடம் அழைப்பதை விட்டு ஊசியை மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும். விதைப்பு, அறுவடை நாட்களையும் மீன்பிடி நேரத்தையும் கமக்காரர் அமைப்புகளிடமும் மீனவர் சங்கங்களிடமும் கேட்டறிந்து நாள் குறிக்க வேண்டும். அன்றாடக் கூலியாளருக்கு ஊசி நாளில் உலருணவாவது வழங்க வேண்டும்.

மூன்றாவதாக, இப்பணி சுகாதார வைத்திய அதிகாரியின் கையிலும், பொதுச் சுகாதார பரிசோதகரின் கையிலும், குடும்பநல உத்தியோகத்தரின் கையிலும் இருக்க வேண்டும். பேறுகாலத்திலிருந்து வீட்டின் வரலாற்றை அறிந்த குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் சொல்லும் சொல்லுக்கு உள்ள மதிப்பு, ஆயிரம் துண்டுப்பிரசுரங்களுக்கு இல்லை. தொலைவுப் பிரதேசங்களில் இப்பதவிகளை வெற்றிடமாக விடுவது வாயில்லா மக்களின் உயிரோடு விளையாடுவதாகும். அவர்கள் தங்கிப் பணிபுரியத் தக்க விடுதியும் போக்குவரத்தும் கொடுக்கப்படவேண்டும்.

நான்காவதாக, நன்மையும் தீமையும் நல்ல தமிழிலே, கேள்வி கேட்க இடம் வைத்து, விளக்கப்பட வேண்டும். மருந்தின் தரத்திலும் ஐயத்துக்கு இடமிருத்தலாகாது. தரமற்ற மருந்துக் கொள்வனவு பற்றிய குற்றச்சாட்டிலே, சுகாதார அமைச்சராயிருந்த ஒருவர் 2024 பெப்ரவரியிற் கைதாகிய நாடு இது. அச்செய்தி ஒன்றே ஊசிமீதான நம்பிக்கையை எவ்வளவு குலைக்கும் என்பதை ஆட்சியாளர் உணர்வார்களாக.

கற்றோர் கடன்

அரசாங்கத்திடம் கேட்பதோடு எம் கடன் தீர்ந்துவிடுமா? எமது கிழக்கு மண்ணிலிருந்து படித்து எழுந்த வைத்தியர்கள், ஆசிரியர்கள், சட்டத்தரணிகள், எழுதுவினைஞர்கள் எத்தனை பேர்! மட்டக்களப்பிலும் கொழும்பிலும் கடல் கடந்தும் உயர்ந்த நிலையில் வாழ்கின்றனர். மாதத்தில் ஒரு நாள் வாகரையின் ஒரு பாடசாலை மண்டபத்திலோ கோவில் முன்றலிலோ அமர்ந்து, சலரோகக்காரரின் கேள்விக்கும் கர்ப்பிணியின் கேள்விக்கும் மறுமொழி கூற அவர்களால் இயலாதா? நோயில்லாத நாளிலே அறிமுகமான முகத்தையே நோய் வந்த நாளில் மக்கள் நம்புவர். கொள்ளை நோய் வந்தபின் ஒலிபெருக்கியோடு ஓடிச் சென்று நம்பிக்கையை விலைக்கு வாங்க முடியாது.

உழவர் பெருமக்களே! மீனவத் தோழர்களே! கேள்வி கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. மறுமொழி கிடைக்கும்வரை விடாதீர்கள். கிடைத்தபின் பிள்ளைகளையும் முதியோரையும் பின்னிற்க விடாதீர்கள். கற்றோரே! மறுமொழி கூறும் பொறுப்பு உங்களுடையது. ஆட்சியாளரே! தலைமடை நிரம்பியதைக் காட்டி நாடு செழித்ததென்று கணக்கெழுதாதீர்கள். கடைசி வயலும் நனைந்ததா என்று பார்த்த பின்னரே நீர்ப் பங்கீடு முடிந்ததென்பது வட்டைவிதானைக்குத் தெரிந்த நீதி. அந்நீதியைக் கொழும்பும் கற்றுக்கொள்ளும் நாளே வாகரையின் மக்களும் இந்நாட்டின் மக்களாகக் கணிக்கப்படும் நாளாகும்.